டிக்கெட்டில் இரண்டே முக்கால் மணி, வானத்தில் நாலேகால் மணி

பெரியம்மா மகன் முதல்முறை துபாய்க்குப் போன அன்று, டிக்கெட்டை வாங்கிப் பார்த்து நான்தான் கணக்குச் சொன்னேன். திருவனந்தபுரத்தில் புறப்பாடு காலை 10.00. துபாயில் இறங்குவது பகல் 12.45. "ரெண்டே முக்கா மணி நேரந்தான் பெரியம்மா, ஒரு மணிக்கெல்லாம் போன் வந்துரும்" என்றேன். ஒரு மணி ஆனது, போன் வரவில்லை. ஒன்றரை ஆனது, இரண்டும் ஆனது. பெரியம்மா போட்ட சோற்றைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இரண்டரை தாண்டித்தான் அவன் கூப்பிட்டான். "இப்பந்தாம்மா எறங்கி வந்தோம்."

விமானம் தாமதமே ஆகவில்லை. தப்பு என் கணக்கில். குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. வழியனுப்பிவிட்டு வந்து போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம். விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். இந்திய நேரத்தைவிட துபாய் நேரம் ஒன்றரை மணி பின்னால். அங்கே 12.45 என்றால் நமக்கு 2.15. அப்படியானால் பயணம் 10 மணியிலிருந்து 2.15 வரை, நாலேகால் மணி நேரம். திரும்பி வரும்போது இதே விஷயம் தலைகீழாகும். இரவு 10 மணிக்கு துபாயில் ஏறி விடிகாலை 3.30-க்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினால், பார்க்கிறவருக்கு ஐந்தரை மணி நேரம் போலத் தோன்றும். உண்மையில் நான்கு மணி நேரம்தான்.

நேர வித்தியாசம் எவ்வளவு என்றே தெரியாத ஊராக இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. போகிற டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும் வருகிற டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 2.45-ம் 5.30-ம் சேர்ந்தால் 8.15, அதில் பாதி நான்கு மணி ஏழு நிமிடம். ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் குறைந்து, இரண்டு ஊர்க் கடிகாரங்களும் கணக்கிலிருந்து கழன்றுவிடும். இதில் வருவது ஒருவழிப் பயணத்தின் சராசரி நேரம்.

சரி, அந்த நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது? தூரத்திலிருந்து. அப்படியானால் தூரத்தை எப்படி அளப்பது? நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கி.மீ. என்கிறோம். அது சாலையின் தூரம், மார்த்தாண்டத்திலும் பாலராமபுரத்திலும் வளைந்து நெளிந்து போகிற தூரம். வானத்தில் சாலை இல்லை. அங்கே தூரம் என்றால் பூமி என்கிற உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள மிகக் குறுகிய பாதை.

இதைக் கையில் பிடித்துப் பார்க்க, நம் கடற்கரை ஊர்களில் எந்த வீட்டிலும் கிடைக்கும் இரண்டு பொருள் போதும். ஒரு ஃபுட்பால், தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி இரண்டு முழம். பந்தில் இரண்டு புள்ளி வையுங்கள். தங்கூசியின் ஒரு நுனியை ஒரு புள்ளியில் விரலால் அழுத்திப் பிடித்து, மறு நுனியை அடுத்த புள்ளி வழியாக இறுக்கி இழுங்கள். தொய்வாகப் பிடித்தால் அது எப்படி வேண்டுமானாலும் வளைந்து கிடக்கும். இறுக்க இறுக்க நழுவி நழுவி ஓரிடத்தில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் நகராது. அதுதான் குறுகிய பாதை. அந்தத் தங்கூசியை அப்படியே நீட்டிப் பந்தைச் சுற்றி முழுக்க ஓட்டினால் பந்தைச் சரிபாதியாக வெட்டும் ஒரு வட்டம் கிடைக்கும். பெருவட்டம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

பெரியவர்கள் விளையாடும் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. வரை இருக்கும். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆக, பந்தில் ஒரு செ.மீ. என்பது பூமியில் 580 கி.மீ. திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் நேர்தூரம் சுமார் 2,950 கி.மீ. பந்தில் அது ஐந்து செ.மீ.தான், கட்டை விரல் நீளத்தைவிடக் குறைவு. அந்த ஐந்து செ.மீ.க்குள் லட்சத்தீவுப் பக்கமாக அரபிக்கடல் முழுக்கக் கடந்து ஓமான் கரை ஏறிவிடுகிறது.

இன்னொன்று. விமானிகள் தூரத்தை அளக்கும் அலகு படகில் போகிறவர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகில் ஜி.பி.எஸ். தூரத்தைக் காட்டுவது கிலோமீட்டரில் அல்ல, நாட்டிக்கல் மைலில். விமானத்திலும் அதேதான். படகின் வேகமும் நாட் (மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்), விமானத்தின் வேகமும் நாட். படகு ஏழு எட்டு நாட் வேகத்தில் ஓடும், விமானம் 450 நாட் வேகத்தில் பறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நாட்டிக்கல் மைல் என்பது 1.852 கி.மீ. இந்த விசித்திரமான எண் ஏன்? பூமியைச் சுற்றும் பெருவட்டத்தின் 360 பாகையில் (டிகிரியில்) ஒரு பாகையை எடுத்து, அதை அறுபதாகப் பங்கிட்டால் கிடைக்கும் துண்டுதான் ஒரு நாட்டிக்கல் மைல். ஆகவே பாகை தெரிந்தால் தூரம் தெரிந்தது. கன்னியாகுமரி முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை 5 நிமிடம் (பாகையை அறுபதாகப் பங்கிட்ட துண்டுக்கும் நிமிடம் என்றே பெயர்). எட்டை அறுபதால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் 485. முனையிலிருந்து நேர் தெற்கே 485 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 900 கி.மீ. போனால் நிலநடுக்கோடு. ஒரு தாளில் நாலு வரியில் முடிந்த இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதே முறையில் உண்மையிலேயே தொலைவான ஒரு ஜோடியைப் பார்ப்போம். துபாயும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும். சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் துபாய் நடுவில், சான் பிரான்சிஸ்கோ இடது ஓரத்தில். யாரைக் கேட்டாலும் விரலை மேற்கே இழுத்து ஆப்பிரிக்காவின் வடக்கு, அட்லாண்டிக், அமெரிக்கா என்று காட்டுவார்கள். விமானம் அப்படிப் போவதில்லை. துபாயில் கிளம்பி வடக்கே ஏறி, ஈரானையும் ரஷ்யாவையும் கடந்து, வட துருவத்தின் பக்கமாகப் போய், மறுபக்கம் கனடா வழியாக இறங்குகிறது. பாலைவனத்திலிருந்து கிளம்பியவர் ஜன்னலைத் திறந்தால் கீழே பனிக்கட்டி.

காரணம் பந்தில் இருக்கிறது. லண்டன் கிரீனிச் கோட்டிலிருந்து துபாய் கிழக்கே சுமார் 55 பாகையில், சான் பிரான்சிஸ்கோ மேற்கே சுமார் 122 பாகையில். கூட்டினால் 177-க்கு மேல், கிட்டத்தட்ட 180. அதாவது இரண்டும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. பந்தின் உச்சியில் ஒரு புள்ளி வைத்து அதை வட துருவம் என்று கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு பக்கம் கீழே 12.4 செ.மீ.யில் துபாய், எதிர்ப்பக்கம் 10 செ.மீ.யில் சான் பிரான்சிஸ்கோ. தங்கூசியை இறுக்கினால் அது தானாக உச்சிக்கு ஏறிவிடும். பாகைக் கணக்கும் எளிது. துபாயிலிருந்து துருவத்துக்கு 64.75 பாகை, துருவத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 52.4 பாகை. மொத்தம் சுமார் 117. அதை அறுபதால் பெருக்கினால் 7,000 சொச்சம் நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 13,000 கி.மீ. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட வழியில் போனால் ஏறக்குறைய 16,900 கி.மீ. ஆகும். கிட்டத்தட்ட நாலாயிரம் கி.மீ. வீண்.

தட்டையான வரைபடம் பொய் சொல்வதற்குக் காரணம், உருண்டையின் தோலை உரித்து மேசையில் பரப்ப முடியாது என்பதுதான். பரப்ப வேண்டுமானால் மேலும் கீழும் இழுத்து நீட்ட வேண்டும். கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பது குமரியில் சுமார் 110 கி.மீ. லண்டன் அட்சரேகையில் 69 கி.மீ. துருவத்தில் பூஜ்யம். வரைபடமோ எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்கு இழுத்துவிடுகிறது.

தூரம் கிடைத்தாயிற்று. அடுத்து வேகம். வளைகுடாவுக்குப் போகும் போயிங் 737 மாதிரி விமானங்கள் 11 கி.மீ. உயரத்தில் மணிக்கு 830, 840 கி.மீ. வேகத்தில் பறக்கும். பெரிய விமானங்கள் 900-ஐ ஒட்டிப் போகும். 2,950-ஐ 840-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஆனால் டிக்கெட் நாலேகால் என்கிறது. மீதி முக்கால் மணி நேரம் இரண்டு நுனிகளிலும் போய்விடுகிறது. நின்ற இடத்திலிருந்து விமானம் பின்னுக்கு நகர்ந்த நொடியிலிருந்து அந்த நேரம் ஓட ஆரம்பிக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஏற வேண்டும். ஏறும்போது முழு வேகம் இருக்காது. இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். துபாய் போன்ற நெரிசலான இடத்தில் வானத்தில் ஒன்றிரண்டு வட்டம் அடிக்கச் சொல்வதும் உண்டு. இறங்கி, ஊர்ந்து, கதவண்டை நின்றால்தான் கணக்கு முடியும். தூரம் எவ்வளவாக இருந்தாலும் இந்த நுனி நேரம் பெரிதாக மாறாது. அதனால்தான் சிறிய பயணங்கள் தூரத்தோடு ஒப்பிடும்போது அதிக நேரம் பிடிப்பது போலத் தெரிகின்றன.

இவ்வளவையும் சேர்த்தாலும் ஒரு கேள்வி மிச்சம். போக நாலேகால், வர நான்கு என்றால் அந்தக் கால் மணி நேர வித்தியாசம் ஏன்? தூரம் ஒன்றுதானே?

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது, அதனால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் தானாக வந்து சேரும் என்று பலர் நினைப்பதுண்டு. பள்ளியில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது சரியில்லை. பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, காற்றுக்குள் விமானமும் சுழல்கிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் மேலே எறிந்த பந்து எறிந்தவர் கைக்கே வந்து விழுகிற மாதிரி. அந்தச் சுழற்சி நேரடியாக நமக்கு எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

உண்மையான காரணத்தைக் கடலுக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எதிர்த்தால் எஞ்சின் அதே இரைச்சலோடு ஓடும், கரை மட்டும் நெருங்காது. நீவாடு கூட வந்தால் நினைத்ததைவிட முன்னாலேயே கரை பிடிக்கலாம். எஞ்சின் தண்ணீரைத்தான் தள்ளுகிறது, தண்ணீரே நகர்ந்தால் படகும் அதோடு நகரும். விமானம் காற்றைத் தள்ளுகிறது. 11 கி.மீ. உயரத்தில் காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஜெட் காற்று என்கிறார்கள். வட அரைக்கோளத்தில் நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் நடுப்பட்ட பகுதியில் அது மேற்கிலிருந்து கிழக்கே ஓடும், குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். மார்கழி, தை மாதங்களில் துபாய் அட்சரேகையில் அந்த ஓட்டம் பலமாக இருக்கும். போகும்போது அது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளுகிறது.

கணக்காகச் சொன்னால், 3,000 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 850, காற்றின் வேகம் 100 என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போனால் 950, மூன்று மணி ஒன்பது நிமிடம். காற்றை எதிர்த்தால் 750, முழு நான்கு மணி நேரம். போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள், போக வர 7 மணி 9 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 7 மணி 4 நிமிடம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமும் அதிகம், ஆகவே முழுவதும் ஈடாகாது.

காற்று எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2020 பிப்ரவரி 8 மாலை நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், புயலோடு சேர்ந்து வந்த ஜெட் காற்றின் முதுகில் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் பயணம் அது.

நம் ஊருக்கு மேலே இதில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று ஆளைச் சாய்க்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளும் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். கடலில் அந்த மேற்குக் காற்றைக் கச்சான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதே நேரம் அதே இடத்தில் பத்துப் பதினைந்து கி.மீ. மேலே காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் வரும் இந்தக் கீழைக்காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அது மிகப் பலமாக இருப்பது விமானங்கள் பறப்பதைவிடக் கொஞ்சம் மேலே. ஆனாலும் அந்த மாதங்களில் திருவனந்தபுரத்திலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்குத் தென்பகுதி வானத்தில் ஒரு சின்னத் தள்ளு கிடைக்கும். கீழே தென்னை மட்டை ஒரு பக்கம் சாய, மேலே விமானத்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிற காற்று. ஒவ்வொரு ஆடியிலும் அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

குறுகிய வழி என்பதாலேயே அந்த வழி திறந்திருக்கும் என்றில்லை. நாடுகள் தங்கள் வான்வழியை மூடிவிட்டால் சுற்றித்தான் போக வேண்டும். 2022-இல் ரஷ்ய வான்வழி ஐரோப்பிய விமானங்களுக்கு அடைபட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போனவர்கள் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. திருவனந்தபுரம்–வளைகுடா வழி பெரும்பாலும் கடலுக்கு மேலே போவதால் பாகிஸ்தான் வானம் மூடியது அதைத் தொடவில்லை.

இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் கருவிகள் நிறைய இருக்கின்றன. அவை பெரும்பாலும் செய்வது நாம் மேலே செய்ததைத்தான். பெருவட்டத் தூரத்தை எடுத்து, ஒரு பொதுவான வேகத்தால் வகுத்து, நுனி நேரத்துக்காக அரை மணி நேரம் கூட்டுவது. எந்த விமானம், எந்த மாதம், காற்று எப்படி என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. நேரடி விமானமே இல்லாத இரண்டு ஊர்களுக்கும் கூசாமல் ஒரு நேரம் சொல்லும். ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் சில கி.மீ. வித்தியாசம் வந்தால் குழம்ப வேண்டாம். பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் லேசாகச் சப்பையானது. சில கருவிகள் அதைக் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. ஆகவே ஆள் எப்போது இறங்குவார் என்று அறிய டிக்கெட்டைப் பாருங்கள், அன்றைய நிலைமைக்கு விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏன் அவ்வளவு நேரம் என்று புரிந்துகொள்ளத்தான் தூரக் கணக்கு.

நடுவில் மாறிப் போகிற பயணமாக இருந்தால், காத்திருக்கும் நேரத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்று வையுங்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம், முன்கூட்டிப் போய் நிற்பது மூன்று மணி நேரம், துபாய் வரை நாலேகால், அங்கே காத்திருப்பது ஒரு நான்கு, பிறகு சுமார் பதினாறு. வானத்தில் இருபது மணி நேரம்தான், ஆனால் கதவு பூட்டியதிலிருந்து இருபத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அங்கே இறங்கும்போது கடிகாரம் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலமானால் பதின்மூன்றரை.

பெரியம்மா மகன் இப்போது வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறான். அவன் கிளம்பும் நாளில் பெரியம்மா தினசரி நாள்காட்டித் தாளில் என்னை இரண்டு நேரம் எழுதச் சொல்வார், அங்கத்த மணி ஒன்று, நம்ம மணி ஒன்று. போன தடவை 2.15 என்று எழுதிக் கொடுத்தேன். பேனாவை வாங்கி அதன் கீழே அவரே 3.00 என்று எழுதினார். "எறங்கி, பெட்டி எடுத்து, வெளிய வந்துதான மக்கா அவன் போன் பண்ணுவான்" என்றார்.